தாழ்வு மனப்பான்மைக்கு மாத்திரை உண்டா?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினைந்து வருடமாகச் செக்கிங் வேலை பார்த்தேன். தம்பி படிக்க வேண்டும் என்று என்னை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். "எதுக்கும் லாயக்கில்லாதவ" என்று அப்பா சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன். சின்ன வயதிலிருந்தே தாழ்வு மனப்பான்மை உண்டு. பொங்கலுக்கு அப்புறம் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கொஞ்ச நாளிலேயே ஒரு ஷிப்மெண்டில் டேமேஜ் பீஸ் போய்விட்டது. எல்லோர் முன்னாலும் மேனேஜர் சத்தம் போட்டார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது, விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை, ஆறு கிலோ குறைந்துவிட்டேன். கோயிலுக்குப் போகக்கூடப் பிடிக்கவில்லை. "உனக்கு எப்பவும் இப்படித்தானே" என்கிறார் கணவர். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். நான்கு நாள் போட்டேன். குமட்டிக்கொண்டு வந்தது, நிறுத்திவிட்டேன். என் குணத்துக்கு எதற்கு மாத்திரை? மனநோய் மாத்திரை போட்டால் அப்பா சொன்னது சரி என்று ஆகிவிடாதா? மகள் போனில் தன்மதிப்பு டெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்த்தாள், பத்துக் கேள்வி, முப்பதுக்கு ஒன்பது வந்தது. நான் இல்லாவிட்டாலும் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று சில நாள் தோன்றுகிறது. எது நோய், எது என் குணம் என்று சொல்லுங்கள்.

(எழுதியவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் இல்லாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்று, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்த எண்ணம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று கடிதத்தை வைத்து என்னால் கணிக்க முடியாது. அதனால் நேராகவே கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசிக்கிற அளவுக்குப் போயிருக்கிறதா? ஆம் என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே கணவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. தமிழில் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. சென்னையிலுள்ள சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. அந்த அளவுக்கு இல்லை, வந்து வந்து போகிற எண்ணம்தான் என்றாலும், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மாத்திரைகள் கொஞ்ச நாளைக்குக் கணவரின் பொறுப்பில் இருக்கட்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தாழ்வு மனப்பான்மை ஒரு நோய் இல்லை. மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் நோய்ப் பட்டியல்களில் அந்தப் பெயரில் தனி நோய் எதுவும் கிடையாது. மகள் எடுத்த அந்த டெஸ்ட்டும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு வந்ததில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மாரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர் 1965ல் வெளியிட்ட அளவுகோலாக இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிவதற்காக உருவாக்கியது. முப்பதுக்குப் பதினைந்துக்குக் கீழே வந்தால் தன்மதிப்பு குறைவு என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். இப்போது நீங்கள் இருக்கிற நிலையில் யார் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாலும் மதிப்பெண் கீழேதான் இறங்கும். அந்த ஒன்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோய் எது என்று கேட்டீர்கள். டிப்ரஷன் என்கிற மனச்சோர்வு நோயைக் கண்டறிய டிஎஸ்எம் என்கிற அமெரிக்கக் கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. மனம் வாடிக் கிடப்பது, எதிலும் பிடிப்பு விட்டுப்போவது, பசியும் எடையும் மாறுவது, தூக்கம் கெடுவது, உடம்பு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, அசதி, கவனம் சிதறுவது, தான் எதற்கும் பிரயோஜனமில்லை என்ற உணர்வு அல்லது காரணத்துக்கு மீறிய குற்ற உணர்ச்சி, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், ஏறக்குறைய தினமும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். நீங்கள் எழுதியதையே இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடியற்காலை விழிப்பு, ஆறு கிலோ, கோயிலுக்குப் போகவும் பிடிக்காமல் போனது, பிரயோஜனமில்லை என்ற உணர்வு, சாவு எண்ணம். இதில் உங்கள் குணம் என்று சொல்லத் தக்கது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் புதிதாக வந்தவை. உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவர் சொன்ன "எப்பவும் இப்படித்தானே" என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அவர் அன்பில்லாமல் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நீங்களே வருடக்கணக்காக "எனக்கு ஒண்ணும் தெரியாது", "என்னால முடியாது" என்று சொல்லி அவர் கேட்டிருப்பார். இப்போதும் அதையேதான் சொல்கிறீர்கள். வார்த்தை பழையதாக இருப்பதால், அதன் பின்னால் வந்திருக்கும் நோய் புதியது என்று வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. உங்களுக்கும் உறைக்கவில்லை, இல்லையென்றால் நான்காவது நாளில் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டீர்கள். எப்போதும் கலகலப்பாக இருந்த ஒருவர் திடீரென்று "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்றால் வீடே பதறும், மறுநாளே கூட்டிக்கொண்டு போவார்கள். தன்னை எப்போதும் குறைத்தே பேசுகிற ஒருவருக்கு அதே நோய் வந்தால் மாதங்கள் ஓடிவிடும். தாழ்வு மனப்பான்மை உள்ளவர்களுக்கு நேர்கிற பெரிய அநியாயம் இது என்று நான் நினைக்கிறேன். அவர்களுடைய நோயை அவர்களுடைய சுபாவம் மறைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் லேசாக நீடித்துக்கொண்டே இருக்கும் மனச்சோர்வு ஒரு தனி வகை. அதற்கான அறிகுறிப் பட்டியலில் தன்மதிப்புக் குறைவு நேரடியாகவே இடம்பெற்றிருக்கிறது. "என் குணமே இப்படி" என்று பல வருடம் நினைத்திருந்த சிலருக்கு, அது குணமே இல்லை, சிகிச்சை பெறாத பழைய சோர்வு என்று பின்னால் தெரியவருவது உண்டு. அதன்மேல் ஒரு கடுமையான சோர்வும் வந்து சேரலாம். உங்களுக்கும் அப்படியா என்று டாக்டர்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த வருடப் பொங்கலுக்கு முன்னால் எப்படி இருந்தீர்கள், கல்யாணமான புதிதில் எப்படி இருந்தீர்கள், நன்றாகத் தூங்கி, சிரித்துப் பேசி இருந்த காலம் எது என்பதையெல்லாம் யோசித்து அவரிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் எது எதைக் கொண்டுவந்தது? இதில் ஆராய்ச்சியாளர்களிடையே நீண்ட காலமாக இரண்டு கட்சி உண்டு. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு கூடுகிறது என்பது ஒன்று. மனச்சோர்வுதான் வந்துபோன பிறகு தன்மதிப்பில் தழும்பை விட்டுச் செல்கிறது என்பது இன்னொன்று. சோவிஸ்லோ, ஓர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள், ஒரே ஆட்களைக் காலம் விட்டுக் காலம் பின்தொடர்ந்த 77 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டும் நடக்கிறது, ஆனால் தன்மதிப்பிலிருந்து சோர்வுக்குப் போகும் பாதைதான் அதிக வலுவானது என்பது அவர்கள் கண்டது. பதற்றத்தைப் பொறுத்தவரை இரண்டு திசையும் ஏறக்குறைய சமம்.

ஆனால் அந்த வலு எவ்வளவு என்று பார்த்தால் சிறியதுதான், இதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு முக்கியம். தன்னைக் குறைவாக நினைக்கும் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் மனச்சோர்வே வருவதில்லை. தன்மேல் நிறைய நம்பிக்கை உள்ளவர்களுக்கும் வருகிறது. அப்பா பேசிய பேச்சு உங்களை இந்த நோய்க்குக் கொஞ்சம் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம். அது மட்டுமே நோயைக் கொண்டுவந்துவிடவில்லை.

உங்கள் விஷயத்தில் அது எப்படி நடந்திருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய மெலனி ஃபெனல் என்ற உளவியலாளர் 1997ல் ஒரு விளக்கம் கொடுத்தார். எனக்கு இன்றும் வேலையில் மிகவும் பயன்படுவது அதுதான். சின்ன வயது அனுபவங்களிலிருந்து ஒருவர் தன்னைப் பற்றி ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுகிறார். உங்களுடைய தீர்ப்பு "நான் லாயக்கில்லாதவள்." அந்தத் தீர்ப்போடு தினமும் வாழ முடியாது. அதனால் அதை மூடி வைக்க ஒரு விதி போட்டுக்கொள்கிறார். உங்கள் விதி என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்: "என் கையில் ஒரு தப்பும் வராமல் பார்த்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது."

செக்கிங் டேபிளில் இந்த விதி பதினைந்து வருடம் உங்களைக் காப்பாற்றியது. உங்கள் கண்ணுக்குத் தப்பிய பீஸ் குறைவாக இருந்திருக்கும், அதனால்தான் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஆனால் சூப்பர்வைசர் ஆன அன்றே அந்த விதி செல்லாமல் போய்விட்டது. இப்போது உங்கள் கை மட்டும் இல்லை, லைனில் உள்ள அத்தனை பேர் கையும் உங்கள் கணக்கில் வருகிறது. இத்தனை பேரிடமிருந்து ஒரு தப்பும் வராமல் யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது. உங்களை விட அனுபவம் உள்ளவர்களாலும் முடியாது. ஆகவே என்றாவது ஒருநாள் ஒரு டேமேஜ் போகத்தான் போகிறது. அது போனதும், விதி மூடி வைத்திருந்த தீர்ப்பு வெளியே வந்துவிட்டது. "பார்த்தியா, அப்பா சொன்னது சரிதான்."

அதற்கு அப்புறம் நீங்கள் என்னவெல்லாம் செய்திருப்பீர்கள்? மற்றவர்கள் பார்த்து முடித்த பீஸை மறுபடி நீங்களே பார்த்திருப்பீர்கள். மேனேஜர் வரும் நேரத்தில் தள்ளிப் போயிருப்பீர்கள். மீட்டிங்கில் வாய் திறந்திருக்க மாட்டீர்கள். வேலை பின்தங்கியிருக்கும், அதையே இன்னொரு சாட்சியாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்போது மனம் சோர்கிறது. சோர்வு வந்தால் தூக்கம் போகிறது, கவனம் போகிறது, உண்மையாகவே தப்புகள் கூடுகின்றன. ஒரு லாட்டில் ஒரு டேமேஜ் பீஸ் வந்தால் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தைப் பேக்கிங்குக்கு அனுப்புகிறவர் நீங்கள். உங்கள் விஷயத்தில் மட்டும் அந்த ஒரு பீஸுக்காக முழு லாட்டையும் ரிஜெக்ட் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

"ஆனால் எனக்கு அது உண்மையாகவே தோன்றுகிறதே" என்பீர்கள். தோன்றும். பிலடெல்பியாவில் ஆரன் பெக் 1960களில் மனச்சோர்வு நோயாளிகள் பேசுவதைக் கவனித்து எழுதியது இதைத்தான். இந்த நோய் வந்தவர்கள் தன்னைப் பற்றியும், சுற்றியுள்ள உலகத்தைப் பற்றியும், வரப்போகும் நாட்களைப் பற்றியும் இருட்டாகவே நினைக்கிறார்கள். அது அவர்களுக்கு ஒரு நினைப்பாகத் தெரிவதில்லை, கண்ணால் கண்ட நிஜமாகத் தெரிகிறது. இதற்கு நேர் எதிரான ஒரு நிலையையும் சொல்கிறேன். இருதுருவக் கோளாறு என்ற நோயில் மனம் எல்லை மீறி எழும்பும் கட்டம் ஒன்று வரும். அந்தக் கட்டத்தின் அறிகுறிகளில் ஒன்று அளவுக்கு மீறிய தன்மதிப்பு. சில மாதம் முன்பு "நான் எதற்கும் உதவாதவன்" என்று அழுத அதே மனிதர், தன்னால் முடியாதது எதுவுமே இல்லை என்று கடன் வாங்கித் தொழில் தொடங்கக் கிளம்புவார். இடையில் அவருடைய திறமை மாறவில்லை, மாறியது நோயின் கட்டம். நோய் நடக்கும்போது தன்னைப் பற்றி மனம் சொல்வதை ஏன் சாட்சியாக ஏற்கக் கூடாது என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

இப்போது மாத்திரை. மாத்திரை உங்கள் குணத்துக்குக் கொடுத்ததில்லை, நோய்க்குக் கொடுத்தது. அதைப் போட்டால் வேறு ஆளாக மாறிவிட மாட்டீர்கள். தூக்கமும் பசியும் திரும்பும், தலைக்குள் ஓடும் பழைய பேச்சின் சத்தம் குறையும். இவ்வகை மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். குமட்டல் பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும், பிறகு அடங்கிவிடும். அதாவது தொந்தரவு முதலில் வந்து பலன் பின்னால் வருகிறது. நீங்கள் நிறுத்திய நான்காவது நாள் அந்தத் தொந்தரவின் நடுப்பகுதி. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தொடர்ந்திருப்பீர்கள். நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம், டாக்டரிடம் திரும்பப் போய் நிறுத்தியதைச் சொல்லுங்கள், திட்ட மாட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லலாம், அளவைக் குறைத்து ஆரம்பிக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். ஆரம்ப நாட்களில் படபடப்போ சாவு எண்ணமோ கூடினால் அன்றைக்கே அவருக்குத் தெரிய வேண்டும். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இரண்டுமே சோர்வைப் போல வேஷம் போடக் கூடியவை. உடம்பு தேறிய உடனே நிறுத்திவிடக் கூடாது. தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர்வது வழக்கம். நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

"மாத்திரை போட்டால் அப்பா சொன்னது சரியாகிவிடாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் பார்த்து நீங்கள் அப்படி நினைப்பீர்களா? மனநோய் பற்றி ஊர் என்ன பேசுகிறதோ அதைத்தான் நாமும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நோய் நமக்கே வரும்போது அந்தப் பேச்சு நம் மீதே திரும்புகிறது. ஏற்கெனவே தன்னைக் குறைவாக நினைப்பவருக்கு அந்த அடி இரட்டிப்பாக விழும். "எனக்கெல்லாம் எதற்கு வைத்தியம்" என்று அவர் ஒதுங்கிவிடுவார். ஒதுங்கினால் நோய் வளரும், நோய் வளர்ந்தால் தன்மதிப்பு இன்னும் தேயும். மனநோயும் தன்மதிப்புக் குறைவும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான் மிகவும் கொடுமை. மனச்சோர்வில் மட்டும் இல்லை, நாலு பேர் முன்னால் நிற்கவே அஞ்சும் சமூகப் பதற்றம், உணவுக் கோளாறுகள், குடி, ஏன் மனச்சிதைவு நோய் வரைக்கும் இதைப் பார்க்கிறோம். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும்படி மருத்துவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. நீங்கள் சொன்னால் ஒழிய கம்பெனிக்குத் தெரிய வேண்டியதில்லை.

சூப்பர்வைசர் வேலையை இப்போது விட்டுவிடாதீர்கள். விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேறிய பிறகு யோசித்து, பழைய செக்கிங் வேலைதான் நிம்மதி என்று பட்டால் தாராளமாகத் திரும்பலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அந்த முடிவை நோய் எடுக்கக் கூடாது. முடியாமல் போனால் சில நாள் மருத்துவ விடுப்பு கேளுங்கள், அதற்கு டாக்டர் உதவுவார்.

கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி" என்று தினமும் சொல்லிப் பாருங்கள் என்று யாராவது யோசனை சொன்னால், இப்போதைக்கு வேண்டாம். கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2009ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு குறைந்தவர்கள் தம்மைப் பற்றி நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களை விட அவர்கள் மனநிலை கீழே இருந்தது. நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது மனம் உடனே எதிர்வாதம் செய்கிறது. அதற்குப் பதிலாக, மாத்திரை பிடித்துக் கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, ஆஸ்பத்திரியிலுள்ள உளவியலாளரிடம் உங்களை அனுப்பச் சொல்லுங்கள். சிபிடி என்ற பேச்சு சிகிச்சையில் அந்த விதியைச் சின்னச் சின்னதாக மீறிப் பார்ப்பார்கள். மற்றவர் பார்த்த பத்து பீஸை மறுபடி பார்க்காமல் விடுவது, மீட்டிங்கில் ஒரு சந்தேகம் கேட்பது என்று. நீங்கள் பயந்தது நடந்ததா இல்லையா என்று எழுதி வைப்பீர்கள். அப்பா கொடுத்த தீர்ப்பு மெதுவாகத்தான் ஆட்டம் காணும். சில மாதங்கள் ஆகும். மாத்திரையால் மட்டும் அது நடக்காது, அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

இந்தப் பதிலைக் கணவரும் படிக்கட்டும். ஐயா, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. "எப்பவும் இப்படித்தானே" என்பதை விட்டுவிட்டு, "இந்த மூணு மாசமா நீ முன்ன மாதிரி இல்லை, வா ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்லுங்கள். தைரியம் சொல்வதை விடக் கூடவே போய் உட்கார்வது உதவும். அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று அவரைவிட நீங்கள்தான் டாக்டரிடம் சரியாகச் சொல்ல முடியும். மூன்றரை மணிக்கு விழிப்பது, எடை, நிறுத்திய மாத்திரை, சாவு எண்ணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, இந்த வாரமே இரண்டு பேருமாகப் போங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.